யாருடைய எதிர்ப்பொருள் அது?

பிசான நடவு முடிந்து மழை சற்றே ஓயும் மார்கழி, தை மாதங்களில் திருநெல்வேலியின் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுன், ஜங்ஷன் என எந்தப் பக்கம் போனாலும் இரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாசலில் காய்ச்சல்காரர்கள் காத்திருப்பதைப் பார்க்கலாம். அவர்களில் பலருடைய கையிலிருக்கும் சீட்டில் டைபாய்டுக்கான சோதனையின் பெயர், ‘விடால்’ என்று எழுதியிருக்கும். பீடி சுற்றும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய் கேட்கிற முதல் கேள்வி, “சார், சாயங்காலத்துக்குள்ள கெடைச்சிருமா? எப்பம் வரணும்?” என்பதாகத்தான் இருக்கும். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து வரும் சரியான விடையைவிட இன்று மாலை வரும் விடை அவருக்கு வேண்டியிருக்கிறது. அதற்காகவே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு செய்யும் விரைவுச் சோதனைகள் உருவாயின.

ஆனால் விரைவாக வரும் எந்த விடையைக் கையில் வாங்கினாலும், அதை நம்புவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சோதனையில் வேலை செய்த எதிர்ப்பொருள் யாருடையது? நோயாளியின் உடம்பு உண்டாக்கியதா, அல்லது ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் சிறு புட்டிக்குள் நாம் வைத்திருப்பதா? முதலாவது என்றால், நாம் கிருமியைப் பார்க்கவில்லை. கிருமி என்றைக்கோ வந்து போனதற்கான தடயத்தைப் பார்த்திருக்கிறோம். இரண்டாவது என்றால், கிருமியையே, அல்லது அதன் உடலின் ஒரு பகுதியையே பிடித்திருக்கிறோம். இரண்டும் ஒரே நிறக் கோட்டையோ ஒரே மாதிரியான திரட்சியையோ காட்டுவதால், சோதனைத்தாளைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை.

ஆன்டிபாடி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் எதிர்ப்பொருள், உடலுக்குள் நுழைந்த அந்நியப் பொருளின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம். சாதாரண வகைக்கு ஒட்டிக்கொள்ளும் கைகள் இரண்டு. தொற்றின் தொடக்கத்தில் வரும் ஐஜிஎம் வகைக்குப் பத்து. ஒரு கை ஒரு பாக்டீரியாவையும் மறு கை அடுத்த பாக்டீரியாவையும் பற்றிக்கொள்ளும்போது, கலங்கலாக இருந்த நீர்மம், எலுமிச்சைச் சாறு விட்ட பாலைப் போலத் திரிந்து, துகள் துகளாகத் திரண்டு, கண்ணுக்கே தெரியும். வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான ஹெர்பர்ட் டர்ஹமும் 1896-இல் இதை விளக்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தது கிருமியை அடையாளம் காண்பதுதான்: தெரிந்த சீரத்தை, அதாவது எந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று தெரிந்த இரத்தத் தெளிநீரை எடுத்து, தெரியாத கிருமியோடு கலந்து, திரள்கிறதா என்று பார்ப்பது. அதே ஆண்டில் பாரிஸில் ஃபெர்னான் விடால் இதைத் தலைகீழாக்கினார். தெரிந்த டைபாய்டு கிருமியை எடுத்து, நோயாளியின் சீரத்தோடு கலந்து பார்த்தார். ஆக, இந்த முறை பிறந்த ஆண்டிலேயே இரண்டு வழிகளும் பிரிந்துவிட்டன. நம் ஊர்களில் இன்றைக்கும் பெரிதும் புழங்குவது இரண்டாவது வழிதான்.

விடால் சோதனை தன் காலத்தில் பெரிய கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அது நம் பகுதியில் இன்று பயன்படும் விதமே கவலை தருகிறது. டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்பட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். காய்ச்சலின் மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் அது இல்லையென்றால் டைபாய்டு இல்லை என்று பொருளல்ல. மறுபுறம், குடிநீரும் கழிவுநீரும் அடிக்கடி கலந்துவிடும் ஊரில் வளர்ந்த ஒருவருக்கு, முன்பு வந்து போன தொற்றாலோ தடுப்பூசியாலோ எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கலாம்; டைபாய்டு கிருமியின் மேலுறையில் உள்ள சில ஆன்டிஜென்கள் (எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும் பகுதிகள்) வேறு சால்மொனெல்லா வகைகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றாலும் திரளலாம். ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்தில் 1:80 என்றோ 1:160 என்றோ (சீரத்தை அத்தனை மடங்கு நீர்த்தும் திரள்கிறது என்று) வந்திருப்பதை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது பொருந்தாது. ஒரு வாரமோ பத்து நாளோ இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அப்படி இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் மிக அரிது. அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், அல்லது மருந்து மாறியிருக்கும்.

இப்போது விடாலுக்குப் பதிலாகப் பல இடங்களில் சிறு பிளாஸ்டிக் பட்டையில் சிவப்புக் கோடு விழும் டைபாய்டு கார்டு சோதனை வந்துவிட்டது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே தோற்றம். கால் மணி நேரத்தில் விடை. கொரோனாப் பட்டை வைரஸின் புரதத்தைப் பிடித்ததால், இதுவும் கிருமியைத்தான் பிடிக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான டைபாய்டு கார்டுகள் பிடிப்பது நோயாளியின் எதிர்ப்பொருளைத்தான். கருவி புதிதாகியிருக்கிறது, கேள்வி விடாலின் பழைய கேள்வியாகவே இருக்கிறது.

இனி மற்ற வழிக்கு வருகிறேன். காய்ச்சல்காரரின் இரத்தத்தை ஊட்டக்குழம்பு உள்ள புட்டியில் சேர்த்து, வளர்ச்சியைக் கண்காணிக்கும் கருவியில் உடல் வெப்பத்தில் வைத்தால், டைபாய்டு கிருமி இருக்கும்பட்சத்தில் பெரும்பாலும் ஓரிரு நாளில் கருவி ஒலி எழுப்பும். அதிலிருந்து ஒரு துளியை மெக்கான்கி அகார் என்ற வளர்ப்புத் தட்டில் தீட்டினால் மறுநாள் காலை நிறமற்ற, மெல்லிய குமிழ்களாகக் கிருமிக் கூட்டங்கள் வளர்ந்திருக்கும். இவை டைபாய்டு கிருமிதானா என்று சர்க்கரைச் சோதனைகளால் மட்டும் உறுதி செய்ய இன்னொரு நாள் ஆகும். இந்த இடத்தில்தான் குளிர்பெட்டிப் புட்டியிலுள்ள சீரம் தன் வேலையைக் காட்டுகிறது. கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, குமிழில் சிறிது எடுத்துக் கரைத்து, முதலில் அது தானாகவே திரள்கிறதா என்று பார்ப்போம்; தானாகத் திரளும் வகையில் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியாது. பிறகு பக்கத்தில் இன்னொரு சொட்டு, அதில், டைபாய்டு கிருமியின் மேலுறையிலுள்ள ஓ-9 என்ற அடையாளத்தைப் பற்றும் சால்மொனெல்லா ஓ-9 சீரம். வில்லையை முன்னும் பின்னும் சாய்க்கச் சாய்க்க, ஒரு நிமிடத்திற்குள், விளக்கின் எதிரில் வெண்மணல் போல் துகள்கள் தோன்றும். பல ஆண்டுகளாகச் செய்தும் அந்தக் கணத்தில் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி குறையவில்லை. ஒரு நோயாளியின் காய்ச்சலுக்குக் காரணம் இன்னதென்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு மருத்துவத்தில் எப்போதும் கிடைப்பதில்லை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. டைபாய்டு கிருமியின் மேல் வி.ஐ. எனப்படும் மெல்லிய சர்க்கரைப் போர்வை இருக்கும். புதிதாக நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியில் இந்தப் போர்வை தடிமனாக இருந்தால் ஓ-9 சீரம் உள்ளே போய்ப் பற்ற முடியாது; வில்லையில் ஒன்றும் நடக்காது. அனுபவமில்லாதவர் இது சால்மொனெல்லா இல்லை என்று ஒதுக்கிவிடக்கூடும். அனுபவமுள்ளவர் வி.ஐ. சீரத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். அது திரண்டால், உப்புநீரில் கரைத்த கிருமியைக் கொதிநீரில் கால் மணி நேரம் போல வைத்து, ஆறவிட்டு, ஓ-9 சீரத்தால் மறுபடி பார்ப்பார். வெப்பத்தில் போர்வை கழன்று, முன்பு அசையாத சொட்டு இப்போது திரளும். அவிக்காத கிருமியை எச்-டி சீரத்தோடும் கலந்து பார்த்தால் நீந்தும் இழையின் அடையாளமும் கிடைத்துவிடும். சால்மொனெல்லாவில் 2,500-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டுவதற்கு நான்கைந்து புட்டிகளும் ஒரு கண்ணாடி வில்லையும் போதும் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

காலராவில் இந்த வேகம் இன்னும் கூடுதலாகத் தெரியும். நோயாளியின் அரிசி கழுவிய நீர் போன்ற மலத்தில் ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்தால், கிருமிகள் எரிநட்சத்திரம் போலப் பாய்ந்து திரியும். அந்தத் துளியில் ஓ-1 சீரத்தைச் சிறிது சேர்த்தவுடன், அவை ஓ-1 காலராக் கிருமிகளாக இருந்தால், ஓட்டம் நின்றுவிடும். மாதிரி வந்து சேர்ந்த சில நிமிடங்களில் கிடைக்கும் இந்தக் குறிப்பே குளோரின் கலக்கவும் குடிநீர்த் தொட்டியை மூடவும் சுகாதாரத் துறைக்குப் போதுமான முன்னெச்சரிக்கை. மஞ்சள் குமிழ்கள் தோன்றும் டிசிபிஎஸ் அகாரும், ஒகாவா, இனாபா என்று உள்வகை பிரிக்கும் சீரங்களும் மறுநாள் வந்து அதை உறுதி செய்யும்.

சீரம் அறிந்ததை மட்டுமே அறியும் என்பதையும் காலராதான் நமக்குக் காட்டியது. 1992-இன் இறுதியில் சென்னையில் காலரா போலவே ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. மலத்தில் காலராக் கிருமி வளர்ந்தது. நச்சும் அதே நச்சு. ஆனால் ஓ-1 சீரத்தில் அது திரளவே இல்லை. அதுவரை ஓ-1 மட்டுமே பெருந்தொற்றை உண்டாக்கும், மற்றவை பொருட்படுத்த வேண்டாதவை என்ற நம்பிக்கை நிலவியது. கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதே கிருமி பரவிய பின்னர், அப்போது வகைப்படுத்தப்பட்டிருந்த 138 சீரங்களில் எதனோடும் அது சேரவில்லை என்று கண்டு, அதற்கு ஓ-139 என்று எண் கொடுத்தார்கள். புதிய சீரம் தயாரான பிறகே விரைவாக அடையாளம் காண முடிந்தது. சென்னையில் அன்று யாரேனும் சீரம் திரளவில்லை என்பதற்காக வளர்ப்புத் தட்டைக் குப்பையில் போட்டிருந்தால் அந்தக் கிருமி நம் கையிலிருந்து நழுவியிருக்கும். இதனாலேயே, விரைவுச் சோதனை வந்துவிட்டது, இனி வளர்ப்பு எதற்கு என்று கேட்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

வளர்ப்பைத் தவிர்க்க முடியாததற்கு எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. சிவப்புக் கோடு விழும் பட்டையில், ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களின் மேல் எதிர்ப்பொருளை ஒட்டியிருப்பார்கள். தாளின் குறுக்கே கோடாக இன்னொரு எதிர்ப்பொருளைப் பதித்திருப்பார்கள். கிருமி இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டால் தங்கம் அங்கே தங்கும். தங்கிய தங்கம் செந்நிறக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தங்கம் சேர, முழுக் கிருமியைப் பிடிக்கும் பட்டைகளில் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு இலட்சம் கிருமிகளோ அதற்கு மேலோ வேண்டும். காலரா நோயாளியின் மலத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். ஆகவே பட்டை அங்கே நேரடியாக வேலை செய்கிறது. டைபாய்டு நோயாளியின் இரத்தத்திலோ ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமி, பல நேரங்களில் அதுவும் இல்லை. இலட்சம் வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தப் பட்டையும் கோடு காட்டாது. டைபாய்டுக்கு நோயாளியின் எதிர்ப்பொருளைத் தேடும் கார்டுகளே சந்தையில் நிறைந்திருப்பதற்கும், கிருமியை நேரே இரத்தத்தில் பிடிக்கும் கார்டு பரவலாக வராததற்கும் இந்தக் கணக்கே முக்கியக் காரணம். வளர்ப்புப் புட்டி செய்வதும் இதைத்தான்: ஒன்றை இலட்சமாகவும் கோடியாகவும் பெருக்கிக் கொடுக்கிறது, அதன் பிறகு எதிர்ப்பொருளின் வேகம் நமக்குப் பயன்படுகிறது.

உணவுச் சோதனையிலும் இதே நிலைதான். முன்பு திருநெல்வேலிச் சீமையாக இருந்து 1986-இல் தனி மாவட்டமான தூத்துக்குடியிலிருந்து இறாலும் மீனும் வெளிநாடுகளுக்குப் போகின்றன. 25 கிராம் மாதிரியில் ஒரு சால்மொனெல்லாகூட இருக்கக் கூடாது என்பது விதி. எலைசா என்ற, நிறமாற்றத்தால் விடை காட்டும் எதிர்ப்பொருள் சோதனையோ பட்டையோ எதைக் கொண்டு பார்த்தாலும், முதலில் ஓர் இரவு முழுக்க ஊட்டக்குழம்பில் ஊறவைத்தாக வேண்டும். எதிர்ப்பொருள் பூசிய காந்தமணிகளைக் குழம்பில் விட்டு, காந்தத்தை வெளியே வைத்து, கிருமியோடு சேர்ந்த மணிகளை மட்டும் இழுத்துத் திரட்டும் முறை இந்த நேரத்தைக் குறைக்கிறது. ‘விரைவு’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அந்த ஓர் இரவு உள்ளே மறைந்திருக்கும்.

காசநோயில் இரண்டு வழிகளின் வேறுபாடு அரசின் ஆணையாகவே வந்தது. நோயாளியின் இரத்தத்தில் காசநோய் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளின் விடைகள் நம்பத்தகுந்தவை அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் அறிவித்தது. 2012-இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. அதே காசநோயில், நீர்ம ஊடகத்தில் வளர்ந்த கிருமி உண்மையிலேயே காசநோய்க் கிருமிதானா என்று சொல்ல, எம்பிடி-64 என்ற புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பட்டை 15 நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறது. முன்பு இதற்கு வாரக்கணக்கில் உயிர்வேதிச் சோதனைகள் செய்ய வேண்டியிருந்தது. நோய் ஒன்றுதான்; எதிர்ப்பொருளின் இருப்பிடம் மாறியதால் ஒரு சோதனை தடை செய்யப்பட்டது, மற்றொன்று ஆய்வகங்களின் அன்றாடக் கருவியாயிற்று.

இவ்வளவும் சொன்னதால், நோயாளியின் எதிர்ப்பொருளைத் தேடுவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதியே நீரில் மூழ்கிய வெள்ளத்தைப் போன்ற ஒன்றுக்குப் பிறகு எலிக்காய்ச்சலைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அதன் கிருமியான லெப்டோஸ்பைரா வளர வாரக்கணக்கில் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு பக்கங்களில் தோட்டம், புதர் என்று நடமாடுகிறவர்களுக்கு வரக்கூடிய உண்ணிக் காய்ச்சலின் கிருமியோ உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். எந்தச் சாதாரண ஆய்வகத்திலும் அதை வளர்க்க இயலாது. இவ்விரண்டிலும் ஐஜிஎம் எலைசாதான் நமக்குள்ள நடைமுறை வழி. ஆனால் அதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை அறிந்து எடுக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஐந்து, ஆறு நாளுக்கு முன் எடுத்தால் இல்லை என்று வர வாய்ப்பு அதிகம். உண்ணிக் காய்ச்சலில் அக்குளிலோ, இடுப்பிலோ, தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று உடையை விலக்கிப் பார்க்கிற மருத்துவர், எலைசாவுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். அந்தப் பார்வைக்கு ஈடான விரைவுச் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்ப்பொருளின் பலவீனங்களில் மற்றொன்று நம் ஊர் வெயில். புட்டிச் சீரங்களை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் காக்க வேண்டும். பட்டைகளின் உறையில் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். சித்திரை, வைகாசியில் திருநெல்வேலியில் நிழலிலேயே 38, 39 டிகிரி இருக்கிறது. ஓட்டுக் கூரையின் கீழ் அட்டைப்பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த பட்டையிலுள்ள புரதம் என்ன நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையின் மேல்கோடு விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக் கோடு, நீர்மம் தாளில் ஓடி முடித்தது என்பதையும் தங்கத் துகள்கள் அதனோடு வந்து சேர்ந்தன என்பதையும் காட்டும். தங்கத்திலும் சோதனைக் கோட்டிலும் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியைப் பிடிக்கும் நிலையில் பழுதில்லாமல் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சியாகாது. தெரிந்த கிருமியை வைத்து ஒவ்வொரு பெட்டியையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவதே சரி. அதற்குச் செலவாகும் பட்டைகளை வீண் என்று கணக்கெழுதும் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிகளின் பொருட்டு அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர்களிடமும் குடும்பத்தாரிடமும் நான் வேண்டுவது, முதல் ஆன்டிபயாடிக் மருந்து உள்ளே போவதற்கு முன் வளர்ப்புக்கான இரத்தத்தை எடுத்துவிடுவது. இரண்டு நாள் மருந்து போட்ட பிறகு எடுத்தால் வளர வேண்டிய கிருமி பெரும்பாலும் வளராது. மருந்து போடாமல் எடுத்தாலும் டைபாய்டில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கே வளர்கிறது. பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு உடல் எடைக்கேற்ப மிகக் குறைவாக எடுப்போம். “இவ்வளவு ரத்தம் எடுத்தா தாங்குமா, சார்?” என்று கேட்பவர்களிடம், கிருமி ஒரு மில்லிக்கு ஒன்றுதான் இருக்கும், குறைவாக எடுத்தால் அது நம் கையில் சிக்காது என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். வளர்ந்த கிருமி கையில் இருந்தால்தான் எந்த மருந்து அதைக் கொல்லும் என்றும் சொல்ல முடியும். டைபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாயிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது நம் நாட்டில் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பதை எந்தச் சிவப்புக் கோடும் காட்டித் தராது.

கடையநல்லூர், சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நோயாளியின் சீரம் உள்ள புட்டிகளுக்குப் பனிக்கட்டிப் பெட்டி அவசியம் என்பதால், அதே பெட்டியில் இரத்த வளர்ப்புப் புட்டியையும் வைத்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வளர்ப்புப் புட்டியைக் குளிர வைக்கக் கூடாது. சாதாரண அறை வெப்பத்தில், வெயில் படாமல், அன்றைக்கே கொண்டு வந்தால் போதும். காலரா என்று ஐயப்படும் மலத்தையும் அப்படித்தான், வழியில் கிருமியை உயிரோடு காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் பஞ்சுக்குச்சியைச் செருகி, மூடியை இறுக்கி, பனிக்கட்டி இல்லாமல் கொண்டுவர வேண்டும். குளிரில் அந்தக் கிருமி சீக்கிரம் செத்துப்போகும். புட்டியின் மேல் நோயாளியின் பெயரோடு, இரத்தம் எடுத்த நேரத்தையும், அதற்கு முன் ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்பதையும் எழுதிக் கொடுத்தால், மறுநாள் காலை வில்லையைக் கையில் எடுக்கும்போது எந்தச் சீரத்தில் தொடங்குவது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.